யாரென்று கேட்காத வாசல்

அக்கரப்பத்தனைப் பேருந்து சர்மிளாவைத் தோட்டத்துப் பாதையின் முகப்பில் இறக்கிவிட்டுச் சென்றபோது, மதியம் கழிந்து சற்று நேரமே ஆகியிருந்தது. ஆயினும் வெளிச்சம் அந்தியைப் போல மங்கிக் கிடந்தது. மூடுபனி மலையுச்சியிலிருந்து இறங்கி, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கப்போகிறது என்பதை மண்ணின் வாசனை சொல்லிற்று.

மூடப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையின் இரும்புக் கதவருகே, காவலாளி செல்லசாமி தலையில் தார்ப்பாய்ப் படங்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"என்னா புள்ள, கொழும்புல சோறே போடுறதில்லையா? காத்தடிச்சா கொழுந்துக் கூடைக்குள்ள போயி விழுந்துருவ போல இருக்கே."

"நீங்க மட்டும் என்ன மாமா, வாச்சர் வேல பாத்து ஊதிப் போயா இருக்கீங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள்.

"நேத்தும் கிராம சேவகர் வந்து கத்திட்டுப் போனாரு. மண்ணு சரியும்னு செவுத்துல செவப்பு நோட்டீசு ஒட்டியாச்சு. மேக்கணக்கு லயத்து ஆளுங்க பூராவும் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. ஒங்கம்மா நாகலெட்சுமி மட்டும் தனியா அடுப்ப மூட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. பச்சப்புள்ளி அணையாம அசைய மாட்டேன்னுது."

பச்சைப் புள்ளியை உண்டாக்கியது சர்மிளா செய்த ஏற்பாடுதான்.

கொழும்பில் கணினி நிரல்கள் எழுதும் அவள், தன் படிப்பு பிறந்த மண்ணுக்கு ஒருமுறையாவது உதவவேண்டும் என்று விரும்பினாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலுள்ள சரிவெங்கும் கம்பங்களை நாட்டுவித்தாள். கம்பம் சாய்ந்தால், அதிலுள்ள சிறு கருவி தொழிற்சாலை மேல்மாடியிலிருக்கும் கணினியை அழைத்துச் சொல்லும். கணினி கூரைமேலுள்ள அபாயச் சங்கை ஊதும். ஆட்கள் ஓடித் தப்பலாம். கம்பங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளுடைய தம்பி திலக்ஷன் ஏற்றுக்கொண்டான். மழையில் சரிவுக்கு ஏறும் மகன் எங்கே நிற்கிறானோ என்று அம்மா தவித்ததால், அவன் தன் கைபேசியையும் ஒரு கம்பத்தைப் போலவே கணினியோடு இணைத்து வைத்தான். அவன் இணைப்பில் இருக்கும்வரை அம்மாவின் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும்.

சென்ற புயல்மழையில், கம்பம் ஒன்றை நிமிர்த்துவதற்காக ஏறியவன் திரும்பவில்லை. சரிவின் ஒரு பக்கம் அப்படியே இறங்கி அவனை மூடிக்கொண்டது. சங்கு ஊதியதால் லயத்து ஆட்கள் பிழைத்தார்கள். அவனுடைய உடல் கிடைக்கவில்லை.

பச்சைப் புள்ளி அணையவும் இல்லை.

காரணம் சர்மிளாவுக்குத் தெரியும். இரு இயந்திரங்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒன்று முறையாக விடைபெற்றால்தான் மற்றதற்குச் செய்தி தெரியும். விடைபெறாமலே ஒன்று அழிந்துபோனால், மற்றது அறியாது. கம்பங்கள் வாரக்கணக்கில் மௌனமாக இருந்தாலும் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் காத்திருப்புக்கு அவள் எல்லை எதுவும் வைத்திருக்கவில்லை. இதைத் தொலைபேசியில் அம்மாவுக்கு அவள் பொறுமையாக விளக்கினாள். விளக்கியதுதான் பிழையாயிற்று.

"அப்பிடின்னா அவன் போறேன்னு சொல்லலதானே," என்றாள் நாகலெட்சுமி. "வாசல்ல நின்னு என்கிட்டயும் போயிட்டு வாரேன்னுதான் சொன்னான்."

அதற்குப் பின் கருமாதி என்ற சொல்லை வீட்டில் எவரும் எடுக்க முடியவில்லை. கடைசியில் அம்மா ஒன்றுக்கு மட்டும் இணங்கினாள். "நீ நேருல வந்து பாரு. அந்த மெசினுக்குள்ள அவன் இல்லைன்னு ஒன் கண்ணால பாத்துச் சொல்லு. புள்ளி அணையட்டும். மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துர்றேன்."

அதற்காகவே சர்மிளா வந்திருந்தாள். மழை வலுப்பதற்குள் புள்ளியை அணைக்கவேண்டும். அம்மாவை அந்தச் சரிவின் அடியிலிருந்து அழைத்துச் செல்லவேண்டும்.

மரப்படிகள் ஏறும்போதே முனகின. மேல்மாடி நெடுகிலும் ஒரு காலத்தில் கொழுந்தை வாட்டிய தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பல ஆண்டுகளாக அங்கே ஒரு கொழுந்துகூட வாடியதில்லை. ஆனாலும் பாதி வாடிய பச்சையிலையின் இனித்த வாடை, அன்று பறித்துக் கொட்டியதைப் போல நாசியில் ஏறியது. அதனடியில் வேறொரு வாடையும் இருந்தது. ஈரமண்ணின் வாடை.

மூலையில், சூரியத் தகட்டின் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்த கணினியின் சிறு விளக்கு எரிந்தது. செல்லசாமி வாயிற்படியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க மாமா."

"நான் இங்கயே நிக்கிறேன். எனக்கு இந்த மெசினு மொதல்லயே புடிக்கல. ஒன் தம்பிகிட்டயே சொல்லியிருக்கேன். பனிக்குள்ள மல மேல நின்னு ஒரு கொரலு கூப்பிட்டா, மொதக் கூப்பாட்டுக்கு நம்ம ஆளுங்க ஏன்னு பதில் கொரலு குடுக்க மாட்டாங்க. உசுரோட இருக்கிறவங்கன்னா மறுபடி கூப்பிடுவாங்க. மத்தது ஒரு தடவதான் கூப்பிடும். ஒன் மெசினு மொதக் கூப்பாட்டுக்கே ஏன்னு கேக்குது."

"அதுக்கென்ன சொன்னான்?"

"சிரிச்சான். எங்கக்கா மெசினுக்கு ஆள் பேதம் கெடையாது, யாரு கூப்பிட்டாலும் மரியாதையா பதில் சொல்லும்னான்."

அவன் சொன்னது சரியே. அந்த மரியாதையைத்தான் சர்மிளா பல்கலைக்கழக நாள் தொட்டு நேசித்தாள். இயங்குதளத்தை அமைத்தவர்கள் உலகத்தின் குழப்பத்தையெல்லாம் இரண்டு வினைகளுக்குள் ஒடுக்கியிருந்தார்கள். வட்டில் கிடக்கும் கோப்பானாலும், ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குச் சொற்களைக் கொண்டுசெல்லும் குழாயானாலும், மலைக்கு அப்பாலுள்ள கருவியானாலும், நிரலின் கையில் கொடுக்கப்படுவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைக் காட்டி வாசிக்கலாம், எழுதலாம். மறுமுனையில் இருப்பது எது என்று கேட்கவேண்டியதில்லை. கேட்காமலிருப்பதே அதன் அழகு.

அவளுடைய ஏற்பாடும் அந்த ஒழுங்கிலேயே அமைந்திருந்தது. வாசலில் ஒரு நிரல் காத்திருக்கும். அழைப்பு வந்ததும் ஒரு பிள்ளை நிரலைப் பெற்று, வந்தவரை அதன் பொறுப்பில் விட்டுவிட்டுத் தான் மீண்டும் வாசலுக்குத் திரும்பிவிடும். பிள்ளை, வந்தவர் சொல்வதை வாசித்துக் குழாயில் எழுதும். குழாயின் கடைசியில் சங்கு நிரல் உட்கார்ந்திருக்கும்.

சங்கு நிரல் இப்போது உறக்கத்தில் இருந்தது. மண்ணுக்குள் புதைந்த கம்பங்கள் சாகும்வரை பிதற்றியதில் சங்கு பொய்யாக ஊத, பாடசாலையில் தங்கியிருந்த குழந்தைகள் அலறியிருந்தார்கள். நிறுத்தும்படி தோட்டத்து அலுவலகம் கேட்டுக்கொண்டது. கொழும்பிலிருந்தபடியே சர்மிளா அதைத் துயிலவைத்தாள். செத்த கம்பங்களின் பிள்ளைகளை நீக்கினாள். குழாயை வெறுமையாக்கினாள். தம்பியின் இணைப்பை மட்டும் தொடவில்லை. அதை மூட அவளுக்கும் கை வரவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைத் திறந்தாள்.

எதிர்பார்த்தபடியே ஓர் இணைப்பு இருந்தது. தம்பியின் எண். அதற்குரிய பிள்ளை நிரல் அசைவின்றிக் காத்திருந்தது. மறுமுனை மௌனமாக இருந்தால், பிள்ளை வாசிப்பதற்காகக் காத்திருக்கவேண்டும்.

இது எழுதுவதற்காகக் காத்திருந்தது.

அவள் குனிந்து மீண்டும் பார்த்தாள். ஐயமில்லை. குழாய் விளிம்புவரை நிரம்பியிருந்தது. சங்கு நிரல் உறங்குவதால் அதைக் குடிப்பார் இல்லை. குழாயில் இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லாததால், பிள்ளை கையில் அடுத்த சொல்லை ஏந்தியபடி நின்றுபோயிருந்தது.

குழாயை அவள் தன் கையாலேயே வெறுமையாக்கியிருந்தாள். அதற்குப் பின் அங்கே பேசக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

"என்னா புள்ள, மொகம் ஏன் இப்பிடிப் போவுது?"

"ஒன்னுமில்ல மாமா. ஏதோ பழைய கோளாறு."

அவள் அம்மாவை அழைத்தாள். பள்ளத்துக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில்தான் லயம். பனி இல்லாவிட்டால் இந்தச் சாளரத்திலிருந்தே அம்மா இருக்கும் காம்பரா அறையின் கதவு தெரியும்.

"மெசினுகிட்ட வந்துட்டேம்மா. புள்ளியப் பாத்துக்கிட்டே இருங்க."

"எரியுது."

சர்மிளா பிள்ளை நிரலைக் கொன்றாள்.

கைபேசியில் மூச்சு உடையும் சத்தம் கேட்டது.

"அணைஞ்சிருச்சு சர்மி."

"சரிம்மா. அழாதீங்க. மூட்டையக் கட்டுங்க, நானும் மாமாவும் வாறோம்."

"அந்தக் கம்பளிய மட்டும் எடுத்துக்கிறேன். அவன் போத்துறது." பெட்டி திறக்கும் ஒலியும், துணி உதறும் ஒலியும் கேட்டன. அழுதபடியே அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டபோது, இத்தனை நாட்களில் முதல்முறையாக சர்மிளாவின் தோள்கள் தளர்ந்தன. கைபேசியை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டு, பையை எடுக்கத் திரும்பினாள்.

திரையில் ஒரு வரி கூடியது.

வாசலில் நின்ற நிரல் ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தது.

"சர்மி," என்றது கைபேசி. "மறுபடி எரியுதுடி."

அதே எண்தான். வாரக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடக்கும், மின்கலம் என்றோ தீர்ந்துபோன ஒரு கைபேசியின் எண். சர்மிளா அந்தப் பிள்ளையையும் கொன்றாள். அவள் விரல் எடுப்பதற்குள் வாசல் இன்னொன்றைப் பெற்றது. அதையும் கொன்றாள். இன்னொன்று பிறந்தது. யார் என்று ஒருமுறையும் கேளாமல், அவள் கற்பித்த அதே மரியாதையோடு, வாசல் ஒவ்வோர் அழைப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் வாசல் நிரலையே கொன்றாள்.

இனி பதில் சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் வருகின்ற அழைப்புகளைத் திரை காட்டிக்கொண்டேயிருந்தது. அழைப்பு. மறுப்பு. சற்று இடைவெளி. மீண்டும் அழைப்பு. மூடிய கதவைக் கைமுட்டியால் தட்டுவதைப் போல.

ஈரமண் வாடை அறையெங்கும் நிறைந்திருந்தது.

"என்ன செய்யிது?" செல்லசாமியின் குரல் தாழ்ந்திருந்தது.

"கூப்பிடுது."

"எத்தன தடவ?"

"விடாம கூப்பிடுது மாமா. மூடுனதுக்குப் பொறகும் கூப்பிடுது."

அவர் படிக்கட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டார். "மறுபடி மறுபடி கூப்பிட்டா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

மேசைமேல் கிடந்த கைபேசி அந்த வாக்கியத்தை முடித்தது.

"உசுரோட இருக்கிறவன்தான் மறுபடி கூப்பிடுவான்," என்றாள் நாகலெட்சுமி.

"அம்மா, அது அவன் இல்லம்மா. அது வெறும்..."

"ஒந்தம்பி இல்லைன்னு சொல்லு பாப்போம்."

சர்மிளா திரையில் வந்துகொண்டேயிருந்த அழைப்புகளைப் பார்த்தாள். மூட்டையின் முடிச்சு அவிழும் ஒலி கேட்டது.

அழைக்கின்றது எதுவாயினும், அது என்ன சொல்கிறது என்பதை அவள் இதுவரை கேட்கவே இல்லை. அந்த எண்ணமே அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. சொல்லப்பட்டவை அனைத்தும் குழாய்க்குள்ளேயே கிடந்தன. வாசிப்பதற்கு வேண்டியது ஒரே ஒரு வினை. அவள் குழாயைத் திறந்து, சில வரிகளை மட்டும் உருவி எடுத்தாள்.

கம்பங்கள் பேசுவதற்கென்று அவள் வகுத்த மொழி மிகவும் எளியது. பேசுபவரின் பெயர், அதையடுத்து நிலை. நிமிர்ந்து நின்றால் ஒரு சொல். சாய்ந்தால் இன்னொரு சொல்.

திலக்ஷன். சாய்கிறது.

திலக்ஷன். சாய்கிறது.

திலக்ஷன். சாய்கிறது.

வேறெதுவும் இல்லை. அம்மாவைப் பற்றியோ, தன்னைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. கீழே இருப்பவர்கள் ஓடவேண்டும் என்பதற்காக, இருளுக்குள் கிடந்தபடியே அவன் சங்கை ஊதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். குழாய் நிரம்பும்வரை சொல்லியிருக்கிறான். இடமில்லாமற் போனபின்னும் சொல்லியிருக்கிறான்.

அவள் சங்கை உறங்கவைத்திருந்தாள். பிறகு வாசலையும் சாத்தியிருந்தாள்.

"அம்மா!" கைபேசியை இரு கைகளாலும் பற்றிக் கத்தினாள். "வெளிய வாங்க! எதையும் எடுக்காதீங்க! ரோட்டுப் பக்கம் ஓடுங்க, கீழ ஓடுங்க!"

"சத்தம் போடாத. கேக்க விடு."

"என்னத்தக் கேக்குறீங்க?"

"வீட்டுக்குப் பின்னால, மேட்டுல நின்னு கூப்பிடுறான். நான் ஒன்னும் மொதக் கூப்பாட்டுக்கே ஏன்னு கேட்டுறல. பொறுத்துத்தான் இருந்தேன்." அம்மாவின் குரலில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. "மூணு தடவ கூப்பிட்டுட்டான்."

சர்மிளா ஒரு கையால் விசைகளைத் தட்டினாள். உறங்கிய சங்கு நிரல் எழுந்தது. குழாயின் அடுத்த சொல்லைக் குடித்தது. தொழிற்சாலைக் கூரைமேலிருந்த சங்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஊதத் தொடங்கியது.

அதே ஊதல், ஒரு கணம் பிந்தி, கைபேசிக்குள்ளிருந்தும் கேட்டது. அதற்கு மேலாக, கதவு திறக்கும் ஓசையும் கேட்டது. முன்கதவு அல்ல. பின்கதவு.

"அம்மா, மேல போகாதீங்க! கீழ!"

"ஏன் சாமி?" என்று அம்மா யாருக்கோ பதில் சொன்னாள். "இந்தா வாரேன்."

பிறகு கைபேசியை வாயருகே கொண்டுவந்து, எல்லாக் காலைகளிலும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுமுன் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"போயிட்டு வாரேன் புள்ள."

மலை இறங்கும் ஓசை பெரிதாக இருக்கவில்லை. கனத்த துணியொன்றை யாரோ நிதானமாகக் கிழித்ததைப் போல இருந்தது. சாளரத்துக்கு வெளியே பனி ஒருமுறை உள்வாங்கி வெளிவிட்டது. பள்ளத்துக்கு அப்பால் நாய் ஒன்று குரைக்கத் தொடங்கி, நடுவில் நின்றது.

சங்கு ஊதிக்கொண்டேயிருந்தது. குழாயில் அவ்வளவு சொற்கள் இருந்தன.

செல்லசாமி படியில் உட்கார்ந்து இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். சர்மிளா கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழைப்பு அறுபடவில்லை என்று திரை காட்டியது. மறுமுனையில் எந்தச் சத்தமும் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. தன் கைபேசியின் மின்கலம் தீர்ந்து, அது தானாகவே இருண்டுபோகும்வரை அப்படியே நின்றாள்.

இராணுவத்தினரும் தோட்டத்து ஆட்களும் மழைக்கிடையில் தோண்டினார்கள். மேற்கணக்கு லயத்தின் ஒரு கூரைத் தகரமும், அவிழ்ந்த மூட்டையும் கிடைத்தன. சிறிது தள்ளி, மண்ணில் பாதி புதைந்து, ஆண்கள் போர்த்தும் கம்பளியொன்று கிடந்தது. அது யாரோ ஒருவருக்குப் போர்த்திவிட்டதைப் போல மடிப்புக் கலையாமல் விரிந்திருந்தது. அதனடியில் ஆள் இல்லை. சில நாட்களில் அந்தச் சரிவு முழுவதையும் ஆபத்தான பகுதி என்று அறிவித்து, தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

சர்மிளா கணினியின் இணைப்புகளைக் கழற்றி, அதை ஒரு சாக்கில் கட்டி, கொழும்பில் தான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். உடைத்தெறியவேண்டும் என்றுதான் எண்ணினாள். அதற்கும் கை வரவில்லை.

மழை விட்ட ஒரு மாலையில், விளக்கேற்றாமல் அவள் அமர்ந்திருந்தபோது, மேசைமேலிருந்த கைபேசி தானாக ஒளிர்ந்தது. தொழிற்சாலைக் கணினி அனுப்பும் பக்கம் அதில் திறந்திருந்தது. அந்தக் கணினி மின்சாரமில்லாமல், கம்பிகளில்லாமல், சாக்குக்குள் கிடக்கிறது. சாக்கின் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை என்பதை அவள் குனிந்து, தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாக்கு ஈரமாக இருந்தது.

பக்கத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள் எரிந்தன.

ஒன்றின் பெயரை அவள் அறிவாள். மற்றது அம்மாவின் கைபேசி எண்; கணினியில் அதற்கு அவள் பெயர் வைத்ததில்லை. அதனருகே வெறும் வெற்றிடம் இருந்தது.

இரண்டுக்கும் எதிரே ஒரே சொல் இருந்தது. அவள் வகுத்த சொல்.

சாய்கிறது.

அவளுடைய அறை நான்காவது மாடியில் இருந்தது. சுற்றிலும் மலை இல்லை. கடலை ஒட்டிய சமதரை.

கதவுக்கு வெளியே, நடைவழியில், யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மறுபடியும் கூப்பிட்டார்கள்.